முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ‘அனாட்டமி’ படம் காட்டுவது எப்படி

நான் டாக்டர் இல்லை. சமவெளியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் முப்பத்தொரு வருடம் அட்டெண்டராக இருந்தவன். தொட்டியிலிருந்து பாடியைத் தூக்கி மேசையில் வைப்பது, மாலையில் ஈரத்துணி போட்டு மூடுவது, பதிவேட்டில் எண் எழுதுவது, எலும்பைச் சுத்தம் செய்து வெயிலில் காயவைப்பது, மயங்கி விழும் பிள்ளைகளை பெஞ்சில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் என் வேலை. ஓய்வுபெற்றதும் கோத்தகிரிக்கே வந்துவிட்டேன். டானிங்டனிலிருந்து கொஞ்சம் உள்ளே, தேயிலைக்கு நடுவில் அப்பா கட்டிய வீடு.

ஊட்டியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு அடுத்த வருடம் என் தங்கை மகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. “மாமா, டிசெக்ஷன் ஹால் எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். வாயால் சொல்வதைவிட ஒரு படத்தைப் போட்டுக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. அதிலிருந்து வருடம் ஒருமுறை எங்கள் வீட்டு முன்னறையில் இந்தப் படம் ஓடுகிறது. மூன்று தடவை காட்டியாயிற்று. முதல் தடவை செய்தது தப்பு. இரண்டாவது தடவை சொதப்பல். மூன்றாவதுதான் ஒழுங்காக நடந்தது. வீட்டில் ஒரு மருத்துவ மாணவி இருந்து, உங்களுக்கும் இப்படி ஓர் ஆசை வந்தால், நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

படம் 2000-இல் வந்த ஜெர்மன் படம். ஜெர்மனில் பெயர் ‘அனாட்டொமீ’. இயக்குநர் ஸ்டெஃபான் ருட்சோவிட்ஸ்கி, ஆஸ்திரியாக்காரர். இன்னொரு படத்துக்காக 2008-இல் ஆஸ்திரியாவுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தவர். கதாநாயகி ஃபிராங்கா போடென்டே. படத்தில் அவர் பெயர் பவுலா. கெட்டிக்கார மருத்துவ மாணவி. ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய பேராசிரியரின் உடற்கூறியல் வகுப்பில் இடம் கிடைத்துப் போகிறாள். ரயிலில் இதய நோயுள்ள ஓர் இளைஞன் அவள் கண்முன்னே சுருண்டு விழுகிறான், காப்பாற்றுகிறாள். சில நாள் கழித்து, வகுப்பில் மேசைமேல் இருக்கும் துணியை விலக்கினால் அதே இளைஞன். இதற்குமேல் கதை சொல்லமாட்டேன். யார் செய்தார்கள் என்பதை நீங்களும் முன்கூட்டி உளறிவிடக் கூடாது.

இதைப் பேய்ப்படம் என்று நினைத்து வருகிறவர்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளைச் சேலை கிடையாது, கொலுசுச் சத்தம் கிடையாது. செத்தவர் ஒருவர்கூட எழுந்து வருவதில்லை. பயமுறுத்துகிற வேலை முழுவதும் வெள்ளைக் கோட்டு போட்ட உயிருள்ளவர்களுடையது. ஜெர்மனியிலேயே 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தப் படம் இல்லை. ஆடையில்லாக் காட்சியும் உண்டு, கத்தியும் உண்டு. பாட்டியை அடுத்த அறையில் தூங்க வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேண்டவே வேண்டாம்.

எப்போது காட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. நான் செய்த தப்பு இங்கேதான். கல்லூரி திறப்பதற்கு முந்தின வாரம் மருமகளுக்குப் போட்டுக் காட்டினேன். முதல் நாள் மேசைக்குப் போனவள், மற்றவர்கள் மார்பையும் கையையும் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் மட்டும் முகத்தை மூடியிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். உள்ளே யாராவது தெரிந்தவர் இருந்துவிட்டால்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தங்கை எனக்குப் போன் போட்டு விட்ட டோஸ் தனிக்கதை. ஆகவே, மேசையில் நின்று குறைந்தது ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஃபார்மலின் நெடி கண்ணில் ஏறி, கையுறை கிழிந்து, நரம்பு என்று நினைத்து நாரைப் பிடித்து மேடத்திடம் திட்டு வாங்கி, இதெல்லாம் ஒரு சுற்று முடிந்த பிள்ளைகள்தான் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார்கள்.

மாதம் என்றால், எங்கள் பக்கம் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவத்தில் மழை. கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் ஊற்றும். அப்போது வைத்தால் எங்கேயாவது மண் சரிந்து பஸ் நிற்கும், கரண்டும் நிற்கும். பிப்ரவரியில் பனி விறைக்கும், ஆனால் வானம் சுத்தமாக இருக்கும். சனிக்கிழமை மாலை வரச் சொல்லுங்கள். ராத்திரி திருப்பி அனுப்பவே கூடாது. பாய், கம்பளி எத்தனை இருக்கிறதோ அத்தனை பேரை மட்டும் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு ஒன்பது.

திரைக்கு எட்டு முழ வேட்டி போதும். கரை இல்லாத பக்கம் நடுவில் வருகிற மாதிரி மடித்து ஆணியில் இழுத்துக் கட்டினால் சுருக்கம் தெரியாது. புரொஜெக்டரை நான் குன்னூரில் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் வாடகைக்கு எடுக்கிறேன். மலையில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: வெளியே ஜீப்பில் குளிர்ந்து கிடந்த புரொஜெக்டரை, ஆள் நிறைந்த கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்து உடனே போடாதீர்கள். லென்ஸில் ஈரம் பூத்துவிடும், படம் முழுக்க மஞ்சு மூடினமாதிரி தெரியும். ஒரு மணி நேரம் முன்னாலேயே உள்ளே வைத்துவிடுங்கள். டிவிடி வைத்திருக்கிறவர்கள் அதைத் துடைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்தில் ரொட்டி மட்டுமா பூஞ்சை பிடிக்கிறது?

ஜெர்மன் ஒலியிலேயே போடுங்கள், ஆங்கில சப்டைட்டிலோடு. ஆங்கிலத்தில் பேச்சு மாற்றிய பதிப்பும் இருக்கிறது, ஆனால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். பயம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிடும். தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைகள் ஓரிருவர் இருப்பார்கள், சப்டைட்டில் அவர்களுக்கு வேகமாக ஓடும். அதற்கு வெட்கப்பட விடாமல், குரல் நன்றாக இருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். போன தடவை அந்த வேலையைச் செய்த பையன் ஜெர்மன் பேராசிரியருக்குக் கோயம்புத்தூர்த் தமிழ் கொடுத்தான். “ஏனுங்க பவுலா, இங்க வாங்க.” வில்லனே பாவமாகத் தெரிந்தார்.

சாப்பாடு. என் வீட்டுக்காரி நல்ல மனசோடு இரண்டாவது வருடம் ஆட்டுக்கால் பாயா வைத்துவிட்டாள். குளிருக்கு இதமாக இருக்கும், பிள்ளைகள் ஹாஸ்டல் சாப்பாட்டில் காய்ந்து கிடக்கிறார்கள் என்று. முழங்கால், கணுக்கால் எல்லாம் கிண்ணத்தில் மிதக்க, எதிரே வேட்டியில் அதே சமாசாரம். ஒரு பிள்ளை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடியது. பாயாவைப் படம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். படத்தின்போது வர்க்கியும் இஞ்சி தட்டிப் போட்ட டீயும் போதும். வர்க்கி நல்லதுதான், கடிக்கும்போது வருகிற சத்தத்தில் பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்ற தைரியம் கிடைக்கும்.

அதே இரண்டாவது வருடம்தான் கரண்டும் போனது. எங்கே போனது தெரியுமா? பவுலா துணியில் கை வைக்கிற இடத்தில். இருட்டு, ஒரு நொடி அமைதி, அப்புறம் ஒன்பது பேரும் சேர்ந்து போட்ட அலறல். கீழ் வீட்டில் கரடி வந்துவிட்டது என்று நினைத்து டார்ச்சும் தகர டின்னுமாக ஓடிவந்தார்கள். எங்கள் பக்கம் தேயிலைக்குள் கரடி நடமாட்டம் சகஜம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வந்தவர்களில் இரண்டு பேர் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இப்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் முதல் நாளே சொல்லிவிடுகிறேன், ஒரு இன்வெர்ட்டரும் வாங்கிவிட்டேன்.

சரி, படத்தை ஓட்டுகிற முறைக்கு வருவோம். நேராக 100 நிமிடமும் ஓட்டிவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு. நான் நாலு இடத்தில் நிறுத்துகிறேன். இரண்டில் அரை நிமிடம், ஒன்றில் ஐந்து நிமிடம், ஒன்றில் எனக்கே கணக்குத் தெரியாது.

முதல் நிறுத்தம் ஆரம்பத்திலேயே. பவுலாவின் அப்பா சாதாரண ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர், தாத்தா பெரிய ஆராய்ச்சி டாக்டர். அவளுக்கு அப்பாவைப் பற்றி ஓர் இளக்காரம், தாத்தாதான் தெய்வம். நம் ஊர்களில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று கொண்டாடுவோமே, அந்த மாதிரி அப்பா. இந்தக் குடும்பத் தகராறைச் சும்மா போட்டதாக நினைத்துப் பிள்ளைகள் அப்போதுதான் போனை எடுப்பார்கள். “இதை மறக்காதீர்கள், பின்னால் வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

இரண்டாவது, அந்தத் துணி. இங்கே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: “இந்த ஹாலில் என்னென்ன தப்பு?” மேசையில் நின்றவர்கள் என்பதால் வரிசையாக வரும். ஹால் ஓட்டல் மாதிரி பளபளவென்று இருக்கிறது. தலைமுடியைக் கட்டவில்லை. இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய தப்பு ஒன்று உண்டு, அதை என்னைப் போன்ற ஆள்தான் கண்டுபிடிப்பான். சில நாள் முன்பு ரயிலில் உயிரோடு இருந்தவன் இப்படி உடனே மேசைக்கு வரமாட்டான். பாடி வந்ததும் தொடையிலோ கழுத்திலோ தமனியைத் திறந்து ஃபார்மலின், கிளிசரின், கார்பாலிக் எல்லாம் கலந்த திரவத்தை ஏற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக ஏறும், அவசரப்படுத்தினால் முகம் வீங்கும். அப்புறம் தொட்டி. தசை கெட்டிப்பட்டு, கத்திக்குப் பிடி கொடுக்க நாள் பிடிக்கும். முகமும் மாறிவிடும், தோல் கறுத்து, கன்னம் ஒட்டி, சொந்த மனிதரே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பவுலா துணியை விலக்கினதும் அடையாளம் கண்டாளே, அது சினிமா. படத்திலேயே அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்: அந்த இளைஞனின் ரத்தம் ரப்பர் மாதிரி உறைந்திருக்கிறது, உடம்பில் மூன்று ‘ஏ’ எழுத்து குறி. பவுலா அதைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறாள்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஃபார்மலினைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன், ஊட்டியில் படிக்கிறவர்கள் அல்லவா. பாட்டிலின் அடியில் வெள்ளையாக மாவு படிந்திருந்தால் கெட்டுப்போன சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். குளிரில் வைத்தால் ஃபார்மலினுக்கு அந்தக் குணம் உண்டு, சேர்ந்து சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். கீழே வேலை பார்த்தவரை நான் இதை அதிகம் பார்த்ததில்லை. மலைக்கு வந்தபிறகு மருமகள் சொல்லித்தான் எனக்கே நினைவு வந்தது.

எனக்குக் கணக்குத் தெரியாத நிறுத்தம் என்றேனே, அது இந்த இரண்டாவதுதான். சொல்லலாமா என்று யோசித்தேன், மூன்று வருடமும் பிள்ளைகளிடம் சொன்னதுதானே, சொல்லிவிடுகிறேன்.

பவுலா கண்டது எனக்கும் நடந்திருக்கிறது. வேலையில் சேர்ந்து ஆறேழு வருடம் இருக்கும். ஆஸ்பத்திரி வேனில் ஒரு பாடி வந்தது. காகிதத்தில், ஆண், சுமார் அறுபத்தைந்து, பெயர் தெரியாது, உரிமை கோரப்படாதது என்று இருந்தது. நான் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்து இறக்கினேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் தள்ளுவண்டியில் டீ போட்டவர். தினமும் விடியற்காலை முதல் கிளாஸ் எனக்குத்தான். பேர் எனக்கும் தெரியாது. பெரியவரே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஒரு மாதமாக வண்டி இல்லை, ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டை எடுத்துவைத்துவிட்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். துறைத் தலைவர் மேடம் வந்து, “என்னப்பா, எண் போடலையா?” என்றார். சொன்னேன். ஒரு வார்த்தை கோபப்படவில்லை. “விசாரி. நாலு நாள் குளிரறையில் இருக்கட்டும்” என்றார். பஸ் ஸ்டாண்டில் விசாரித்தேன், பக்கத்துப் பூக்கடையில் விசாரித்தேன். மதுரைப் பக்கம் என்றார் ஒருவர், பெண்ணைக் கட்டிக் கொடுத்த ஊர் பழனி என்றார் இன்னொருவர். யாரும் கிடைக்கவில்லை. நம் மாநிலத்தில் 1951-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. கேட்க ஆளில்லாத உடலைப் பாடத்துக்குக் கொடுக்க அதில் இடம் உண்டு. சட்டப்படி எல்லாம் சரிதான். ஐந்தாம் நாள் எண் எழுதினேன். குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும், எப்போதும் காலியாகவே விடுவோம். அதில் ‘பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பெரியவர்’ என்று எழுதினேன். மேடம் பார்த்தார், அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் முழுக்க அவர் இருந்த மேசைக்கு மட்டும் இன்னொரு அட்டெண்டர் போனார்.

இதைச் சொல்லி முடித்ததும் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். உடனே படத்தைப் போட்டுவிடுங்கள். அழவைப்பதற்காகக் கூப்பிடவில்லை.

ஆனால் அதன்பிறகு ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: படத்தில் அந்த இளைஞனின் காகிதம் எங்கே? எங்கிருந்து வந்தான், யார் கொடுத்தார்கள், எந்தத் தேதி, யார் கையெழுத்து? எனக்கு இந்தப் படம் முழுக்கவே பதிவேட்டுக் கோளாறாகத்தான் தெரிகிறது. ஓர் ஒழுங்கான அட்டெண்டர் அந்தக் கல்லூரியில் இருந்திருந்தால் படம் இருபதாவது நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மூன்றாவது நிறுத்தம், அந்தக் கும்பலைப் பற்றித் தெரியவருகிற இடம். மூன்று ‘ஏ’ என்பது ஒரு ரகசிய சங்கம். ஹிப்போகிரட்டிஸ் பெயரில் டாக்டர்கள் எடுக்கும் உறுதிமொழிக்கு எதிரிகள். ஒரு நோயாளி செத்தால் என்ன, ஆராய்ச்சி ஆயிரம் பேரைக் காப்பாற்றுமே என்பது அவர்கள் கணக்கு. அதனால் உயிருள்ள ஆளையே மேசையில் ஏற்றுகிறார்கள். இங்கே பிள்ளைகளில் ஒருவன் கட்டாயம் 2022 சண்டையை இழுப்பான். ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழியா, சரகர் உறுதிமொழியா என்று தமிழ்நாட்டில் நடந்ததே, அது. ஐந்து நிமிடம் அடித்துக்கொள்ள விடுங்கள். அப்புறம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் விடிந்துவிடும்.

சங்கம் கற்பனை. ஆனால் ஜெர்மன்காரர்கள் இப்படி ஒரு கதையை ஹைடெல்பர்கில் வைத்து எடுக்கும்போது அவர்கள் மனசில் ஓடியது கற்பனை மட்டும் இல்லை. இதைச் சொல்லாமல் படத்தைக் காட்டினால் பாதிதான் காட்டியதாக அர்த்தம். அவுகுஸ்ட் ஹிர்ட் என்று ஓர் உடற்கூறியல் பேராசிரியர். ஹைடெல்பர்கில் படித்து, அங்கேயே பாடமும் சொன்னவர். நாஜிக் காலத்தில் ஸ்ட்ராஸ்பூர்குக்குப் போனார். யூதர்களின் எலும்புக்கூடுகளைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று, 1943-இல் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து வரவழைத்து, நாட்ஸ்வைலர் முகாமில் விஷவாயு வைத்துக் கொன்றார்கள். எண்பத்தாறு பேர். உடல்கள் அவருடைய துறையின் தொட்டிக்கு வந்தன.

அந்தத் துறையில் ஓர் உதவியாளர் இருந்தார். பிரெஞ்சுக்காரர், ஹென்ரிபியெர். என் வேலைதான் அவர் வேலை. வந்த உடல்களின் கையில் முகாமில் பச்சை குத்திய எண்கள் இருந்தன. அவர் யாருக்கும் தெரியாமல் அந்த எண்களை ஒரு தாளில் எழுதி ஒளித்துவைத்தார். போருக்குப் பின் நியூரெம்பர்கில் சாட்சி சொன்னார். அந்த எண்களை வைத்துத்தான், அறுபது வருடம் கழித்து ஹான்ஸ்-யோவாகிம் லாங் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் எண்பத்தாறு பேரின் பெயரையும் கண்டுபிடித்தார்.

நான் இதை முதலில் படித்தபோது ராத்திரி எழுந்து போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தேன். படத்தில் எந்த இடத்திலும் எனக்கு அப்படி ஆகவில்லை.

நியூரெம்பர்கில் டாக்டர்களுக்கென்றே தனி வழக்கு நடந்தது. 1946 டிசம்பரில் ஆரம்பித்து 1947 ஆகஸ்டில் தீர்ப்பு. இருபத்துமூன்று பேர் கூண்டில். ஏழு பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்தத் தீர்ப்பில் பத்து விதிகள் எழுதினார்கள். முதல் விதியே, ஆராய்ச்சிக்கு உட்படும் ஆள் தானாகச் சம்மதிக்க வேண்டும் என்பதுதான். பிள்ளைகள் இதைப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பார்கள். படத்தின் நடுவே கேட்டால் அந்த வரி அவர்களுக்கு வேறு மாதிரி இருக்கும்.

நான்காவது நிறுத்தம் அரை நிமிடம்தான். தோல் உரித்து, தசை தெரிய நிற்கும் உடல்கள் படத்தில் வரும். “மெழுகா மாமா?” என்பார்கள். இதற்கு மூலம் நிஜம். குந்தர் ஃபோன் ஹாகென்ஸ் 1977-இல் அதே ஹைடெல்பர்கில் கண்டுபிடித்த பிளாஸ்டினேஷன் முறை. உடம்பில் உள்ள தண்ணீரை, உறையும் குளிரில் அசிட்டோனைக் கொண்டு வெளியேற்றுவார்கள். அப்புறம் காற்றை உறிஞ்சிய பெட்டியில் வைத்தால் அசிட்டோன் ஆவியாகி வெளியே வர, அந்த இடத்தில் சிலிகான் போய் உட்காரும். தேன் நெல்லிக்காய் போடுகிறோமே, காயின் தண்ணீர் வெளியேறி, தேன் உள்ளே போய், காய் கெடாமல் நிற்கிறது அல்லவா, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. வித்தியாசம், படத்தில் வருகிற கும்பல் ஆள் சாகும்வரை காத்திருப்பதில்லை. படத்தில் அவர்கள் ஊசிபோடும் மருந்துக்கு ‘ப்ரோமிடால்’ என்று பெயர். அது கதைக்காக வைத்தது, மருந்துக் கையேட்டில் தேடவேண்டாம். போன வருடம் ஒரு பையன் தேடினான்.

இதற்குப் பிறகு நிறுத்தாதீர்கள். கடைசி அரை மணி நேரம் ஓட்டமும் துரத்தலும்தான், எல்லா ஊர்ப் படத்திலும் வருவது. எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. நான் எழுந்துபோய் பாயாவைச் சூடு பண்ண ஆரம்பித்துவிடுவேன். 2003-இல் இரண்டாம் பாகமும் வந்தது, கதை பெர்லினுக்குப் போய்விடுகிறது. ஒரே ராத்திரியில் இரண்டையும் போட நினைக்காதீர்கள்.

முடிந்ததும் லைட்டை டக்கென்று போடவேண்டாம், கண் கூசும். முதலில் அடுப்பங்கரைக் கதவைத் திறந்துவைத்தால் போதும். பிள்ளைகள் சத்தம் போட்டுப் பேசுவார்கள், யார் அதிகமாகப் பயந்தது என்று. பேசட்டும். யாராவது ஒருவர் தனியாக வந்து, “உடல் தானம் கொடுப்பது எப்படி?” என்று கேட்பதுண்டு. என்னிடம் படிவம் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எடுத்துக் கொடுப்பதில்லை. படம் பார்த்த சூட்டில் போடுகிற கையெழுத்து எனக்குப் பிடிக்காது. விவரம் மட்டும் சொல்வேன்: அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் கிடைக்கும். சாட்சிக் கையெழுத்து வேண்டும், அதில் நெருங்கிய சொந்தம் ஒருவர் இருப்பது முக்கியம். ஏனென்றால் நாளைக்கு உடலைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டியது அவர்தான். அவர் மனசு வராவிட்டால் படிவம் அலமாரியிலேயே இருக்கும். கண்ணைத் தனியாகத் தானம் செய்துவிட்டு உடலையும் கொடுக்கலாம், கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலைப் பொதுவாக வாங்கமாட்டார்கள். வீட்டில் பேசிவிட்டு ஒரு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிடுவேன். இதுவரை திரும்பி வந்தது ஒரு பெண், ஒரு கீழ் வீட்டுக்காரர். ஆமாம், டார்ச்சோடு வந்தவர்தான்.

கடைசியாக, தலை எண்ணுவது. பழைய பழக்கம், விடவில்லை. வரும்போதே ஒரு நோட்டில் பெயர், ஊர், அப்பா போன் நம்பர் எழுதிவிடுவேன். படுக்கும்போது நோட்டை வைத்துக்கொண்டு எண்ணுவேன். ராத்திரி பத்து மணிக்குமேல் எங்கள் வளைவில் காட்டெருமை நிற்கும். சிகரெட் பிடிக்க, போன் பேச என்று எவனாவது வெளியே போய்விட்டால் வம்பு. போன தடவை எட்டுதான் இருந்தது. ஒன்பது பெயர், எட்டுத் தலை. கழிவறையில் இல்லை, திண்ணையில் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு தேயிலை ஓரம்வரை போய்க் கூப்பிட்டேன், பதில் இல்லை. மருமகள் அழ ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டுக்காரிதான் “ஏங்க, இங்க வாங்க” என்று அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டாள். கோயம்புத்தூர்த் தமிழ் பேசினானே, அந்தப் பையன், விறகு அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, நான்காவது கிண்ணம் பாயாவில் இருந்த கால் எலும்பைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். “இது வலதா இடதாங்க அண்ணே?” என்றான்.

வாங்கிப் பார்த்தேன். இடது.